துப்பாக்கியின் ஜாதகம் குழலுக்கு அடியில்

பழைய ஐரோப்பிய வேட்டை ரைஃபிள் ஒன்று கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது குழலின் மேல்பக்கத்துக்குத்தான். அங்கே சாய்வெழுத்தில், சில சமயம் தங்கம் பதித்து, ஒரு பெயரும் ஊரும் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடல் தொடங்கும். நாலு நாளில் சலித்தும் போகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மானிய, பெல்ஜிய ரைஃபிள்களில் மேலே இருக்கும் பெயர் பல நேரம் விற்றவருடையது. எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் கையால் உருவானது என்ற விவரம் குழலுக்கு அடியில், மரக்கட்டை மூடியிருக்கும் இடத்தில், அரிசி மணி அளவு முத்திரைகளில் இருக்கிறது. அவற்றைப் படிக்கப் பழகிவிட்டால் மேலே பெயரே இல்லாத துப்பாக்கியும் வாய் திறக்கும்.

இப்படி ஆனதற்குக் காரணம் அந்தத் தொழில் நடந்த விதம். துரிங்கியாவில் உள்ள ஸூல் நகரத்தில் ஒரு துப்பாக்கி ஒரே கூரையின் கீழ் பிறந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம். குழல் துளைப்பவர் ஒருவர், பூட்டு செய்பவர் இன்னொருவர், வாதுமைக் கட்டை செதுக்குபவர் வேறொருவர், மானும் காட்டுப்பன்றியும் பொறிப்பவர் நான்காமவர். எல்லாம் சேர்ந்த பிறகு பெர்லினிலோ மியூனிக்கிலோ இருந்த கடைக்காரர் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லி வாங்கிக்கொள்வார். பெல்ஜியத்தின் லியேஜிலும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலும் இதே கதைதான். ஜே.பி. சௌவர், ஹேனல், மெர்கல் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் விற்றன. ஆனால் பெயர் சொல்லாமல் மற்றவர்களுக்குச் செய்துகொடுப்பதும் ஸூல் பட்டறைகளுக்கு அன்றாட வேலை. அதனால் "செய்தவர் யார்" என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயர் பதிலாகக் கிடைக்காமலும் போகலாம். அது தோல்வி இல்லை. ஊர், காலம், குழல் செய்தவரின் எழுத்து, விற்ற கடை என்று நான்கும் கிடைத்தாலே அந்தத் துப்பாக்கியின் வரலாறு முக்கால்வாசி கையில் வந்துவிட்டது.

பிரிப்பதற்கு முன்

குழலும் தோட்டா உட்காரும் அறையும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ட்ரில்லிங் என்ற மூக்குழல் துப்பாக்கியில் கீழே ஒரு ரைஃபிள் குழல் இருப்பதை மறந்து, மேலே உள்ள இரண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வைப்பவர்கள் உண்டு. மூன்றையும் பாருங்கள். தோட்டா அடுக்கும் பெட்டி மேகசின் உள்ள, கைப்பிடித் தாழை இழுத்துத் திறக்கும் போல்ட் ரைஃபிளில் அடியில் தோட்டா தங்கியிருக்கும். அங்கும் விரலை விடுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டின் உரிமச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இது எல்லாமே.

திருப்புளி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பழைய ஐரோப்பியத் திருகுகளின் வெட்டு மெல்லியது, பக்கங்கள் இணையானவை. கடையில் கிடைக்கும் ஆப்பு வடிவத் திருப்புளி அந்த வெட்டின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து நழுவி, பக்கத்தில் இருக்கும் பொறிப்பு வேலையையும் கீறிவிடும். நுனி இணையாகத் தீட்டிய, வெட்டின் அகலத்தையும் நீளத்தையும் முழுதாக நிரப்பும் திருப்புளிதான் வேண்டும். துருவில் பிடித்த திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் சாலிடரிங் இரும்பைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு முயலுங்கள்.

மடக்குத் துப்பாக்கி என்றால் முன்கட்டையின் பொத்தானையோ நெம்பையோ விடுவித்து முன்கட்டையைக் கழற்றி, மடக்கி, குழலைத் தூக்கினால் போதும். குழலின் பின்பக்க அடித்தட்டும், அது உட்காரும் பூட்டுப் பெட்டியின் மேல்தட்டும்தான் முக்கியமான இரண்டு பக்கங்கள். போல்ட் ரைஃபிள் என்றால் கட்டையிலிருந்து உலோகத்தைப் பிரித்தே ஆக வேண்டும். மௌசர் என்ற ஜெர்மானிய போல்ட் ரைஃபிளில் விசைக் காவலின் இரண்டு பெரிய திருகுகளுக்குப் பக்கத்தில் குட்டிப் பூட்டுத் திருகுகள் இருந்தால் முதலில் அவற்றை எடுங்கள். இல்லையென்றால் பெரிய திருகின் தலை சிதையும். குழலின் வாய் வரை கட்டை ஓடும் ஸ்டுட்சன் வகை ரைஃபிளில் வாய்ப்பூணின் திருகை முதலில் கழற்ற வேண்டும். அதை மறந்து பின்னாலிருந்து தூக்கினால் மெல்லிய முன்கட்டை நீளவாக்கில் பிளந்துவிடும். அந்தப் பிளவை ஒட்டலாம், மறைக்க முடியாது.

முத்திரை இருக்கும் இடத்தில் நூறு வருட எண்ணெய் பிசினாகக் காய்ந்திருக்கும். எண்ணெய், மென்துணி, பல்குச்சி, இவ்வளவுதான் ஆயுதம். கம்பித் தூரிகை, உப்புத்தாள், துரு நீக்கும் அமிலம் மூன்றும் வேண்டாம். அவை துருவோடு முத்திரையையும் தின்றுவிடும். சுத்தம் செய்ததும் அறையை இருட்டாக்கி ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில், ஏறத்தாழ உலோகத்தைத் தடவுவது போன்ற தாழ்வான கோணத்தில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் கறையாகத் தெரிந்தது அப்போது கிரீடமாகத் தெரியும். விளக்கை நான்கு திசையிலிருந்தும் மாற்றி நான்கு படம் எடுங்கள். ஒரு திசையில் 'சி' என்று தெரியும் எழுத்து இன்னொரு திசையில் 'ஜி' ஆகிவிடும்; அந்த ஒரு எழுத்தில் முழுத் தேடலும் திசை மாறும். மிகவும் தேய்ந்தவற்றின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கும்.

ஜெர்மானிய முத்திரைகள்

துப்பாக்கிகளைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தும் சட்டம் ஜெர்மனியில் 1891 மே மாதம் நிறைவேறி, 1893 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு குழலும் கூடுதல் வெடிமருந்து போட்டுச் சுடப்பட்டு, தாங்கியதும் முத்திரை வாங்கியது. கிரீடத்துக்குக் கீழே ஓர் எழுத்து என்பது இந்த முத்திரைகளின் பொது வடிவம். 'யு' இருந்தால் ஆய்வு முடிந்தது. 'ஜி' இருந்தால் உள்ளே சுழல் வரி வெட்டிய குழல், அதாவது ரைஃபிள். 'எஸ்' இருந்தால் சிறு ஈயச் சரளைகளைச் சுடும் சரளைக் குழல். 'டபிள்யூ' இருந்தால் வாய்ப்பக்கம் இறுக்கப்பட்ட சோக் குழல். 'வி' இருந்தால் சட்டம் வரும்போதே கையிருப்பில் இருந்த பழைய துப்பாக்கி. 'ஆர்' என்பது பழுது பார்த்த பின் மறுபடி சோதித்தது. கிரீடம் போட்ட 'என்', நைட்ரோ என்ற புகையில்லா மருந்துக்கான சோதனை; இது 1911, 1912-ஐ ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முன் கருமருந்துக் காலத்து நடைமுறைகள் தொடர்ந்தன.

1912-ஐ ஒட்டிய அதே காலத்திலிருந்துதான் ஸூல் சோதனைச் சாலை சோதித்த மாதத்தையும் ஆண்டையும் குத்தத் தொடங்கியது. 5.24 என்றால் 1924 மே. பல துப்பாக்கிகளில் நடுப்புள்ளி இருக்காது. 126 என்று மட்டும் இருந்தால் வரிசை எண் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அது 1926 ஜனவரி. 1906 டிசம்பர் என்று படிக்க முடியாது, 1906-இல் தேதி குத்தும் வழக்கமே இல்லை. 1224 என்றால் 1924 டிசம்பர்.

1940 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் கிரீடம் போய்க் கழுகு வந்தது. கழுகுக்குக் கீழே 'என்' இருந்தால் துப்பாக்கியோ அதன் கடைசிச் சோதனையோ அதற்குப் பிந்தியது. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் ஆண்டை இரண்டு எழுத்தில் மறைத்துக் குத்தினார்கள். 'ஏ' சுழியம், 'பி' ஒன்று என்று போய் 'ஐ' எட்டு, 'ஜே'யை விட்டுவிட்டு 'கே' ஒன்பது. 'எச்-ஐ' என்றிருந்தால் 78. பக்கத்தில் மான் கொம்பு இருந்தால் சோதித்த ஊர் உல்ம்.

இனி துளை அளவு. இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1893 முதல் 1912-ஐ ஒட்டிய காலம் வரை ஜெர்மானிய ரைஃபிள் குழலின் துளை அளவையும் சரளைத் துப்பாக்கியைப் போல 'கேஜ்' கணக்கில்தான் குத்தினார்கள். 118/35, 108/49 என்று தெரியும். இது தோட்டாவின் பெயரோ பாகத்தின் எண்ணோ இல்லை. 118/35 என்பதை 118.35 என்று வாசிக்க வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தை 118.35 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுதான் அளவு. 42.4-ஐ அந்த எண்ணின் கனமூலத்தால் வகுத்தால் மில்லிமீட்டரில் விடை வரும். 12-க்குப் போட்டுப் பாருங்கள், 18.5 வரும்; 12 போர் துப்பாக்கியின் துளை அதுதான். 118.35-இன் கனமூலம் சுமார் 4.91, ஆக 8.64 மில்லிமீட்டர். 108.49-க்கு 8.89 மில்லிமீட்டர்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு எண் கிடையாது. சோதனைச் சாலையில் இருந்த அளவுக் கட்டைகள் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் ஏறுபவை. 118/35 என்பது 0.34 அங்குலம், 108/49 என்பது 0.35 அங்குலம். எந்தக் கட்டை உள்ளே போனதோ அதன் எண்ணைக் குத்தினார்கள். எனவே 118/35 என்ற குழலின் துளை 8.64 மில்லிமீட்டரில் தொடங்கி 8.89-ஐத் தொடாத எதுவாகவும் இருக்கலாம். அதுவும் வரிகளுக்கு நடுவில் உள்ள மேட்டிலிருந்து மேட்டுக்கு எடுத்த அளவு. வரியின் ஆழத்தையும் சேர்த்தால் 9 மில்லிமீட்டர் தோட்டாவும் பொருந்தும், 9.3 மில்லிமீட்டர் தோட்டாவும் பொருந்தும். முத்திரையை மட்டும் பார்த்து "இது 9.3" என்று அடித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

1912-ஐ ஒட்டி இந்த அளவு மில்லிமீட்டருக்கு மாறியது. 7,8 மி.மீ./57 என்றிருந்தால் மேட்டு விட்டம் 7.8, தோட்டா உறையின் நீளம் 57. எட்டு மில்லிமீட்டர் வகைத் தோட்டா. பக்கத்தில் 14,7 கிராம் என்று இருந்தால் அது சோதனையில் வைத்த எஃகுறைக் குண்டின் எடை.

ஒரு ட்ரில்லிங்கை வைத்துப் பார்ப்போம்

மேலே இரண்டு சரளைக் குழல், கீழே ஒரு ரைஃபிள் குழல். நடுப்பட்டையில் பெர்லின் கடைப் பெயர், அதன் கீழே 'ஹோஃப்லீஃபெரன்ட்' என்ற ஜெர்மன் சொல், குழலின் பக்கத்தில் 'க்ரூப்'. அடித்தட்டில் சரளைக் குழல்களில் கிரீடம் போட்ட எஸ், டபிள்யூ, யு. ரைஃபிள் குழலில் ஜி, யு, 118/35. சற்றுத் தள்ளி கிரீடம் போட்ட என், அதன் பக்கத்தில் 328.

அவசரப்படுபவர் 1928 மார்ச் என்று எழுதி முடித்துவிடுவார். ஆனால் 1928-இல் பிறந்த துப்பாக்கியில் துளை அளவு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும், இங்கே கேஜில் இருக்கிறது. ஹோஃப்லீஃபெரன்ட் என்றால் அரண்மனைக்குப் பொருள் வழங்குபவர். ஜெர்மானிய அரண்மனைகள் 1918 நவம்பரோடு காலியாகிவிட்டன. இரண்டும் முதல் உலகப் போருக்கு முந்தைய பிறப்பைச் சொல்கின்றன. இப்போது கண்ணாடி வைத்து முத்திரைகளின் விளிம்பைப் பாருங்கள். எஸ், யு, ஜி மூன்றும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும். என்-னும் 328-உம் கூர்மையாக, வேறு அச்சில், தேய்வு குறைவாக இருக்கும். ஆக, 1893-க்கும் 1912-க்கும் இடையில் பிறந்து, 1928-இல் புகையில்லா மருந்துக்காக மறுசோதனைக்குப் போன துப்பாக்கி இது. ஒரே தட்டில் இரண்டு காலம்.

வேலை முழுவதுமே இந்த முறையில்தான் நடக்கும். ஒவ்வொரு தடயத்தையும் "இதற்கு முன் இருக்க முடியாது", "இதற்குப் பின் இருக்க முடியாது" என்று இரண்டு வேலிகளாக நட்டுக்கொண்டே போங்கள். ஆன்சன்-டீலி பெட்டிப் பூட்டு இருந்தால் 1875-க்கு முன் இல்லை. ஜெர்மானியக் காப்புரிமையைக் குறிக்கும் 'டி.ஆர்.பி.' இருந்தால் 1877-க்கு முன் இல்லை. சிறு புதுமைகளுக்கான பதிவைக் குறிக்கும் 'டி.ஆர்.ஜி.எம்.' இருந்தால் 1891-க்கு முன் இல்லை. பக்கத்தில் வரும் எண் காப்புரிமை எண் அல்லது பதிவு எண், துப்பாக்கியின் வரிசை எண் இல்லை. ஆங்கிலத்தில் 'மேட் இன் ஜெர்மனி' இருந்தால் 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக்குறிச் சட்டத்துக்குப் பின். வெறும் 'ஜெர்மனி' என்று இருந்தால் 1891 முதல் அமெரிக்கா கேட்ட பிறப்பிடக் குறியாக இருக்க வாய்ப்பு அதிகம். கடல் தாண்டிய துப்பாக்கி. ஊர்ப் பெயரும் வேலி போடும். ஸூலுக்குப் பக்கத்து ஊர்களான ஸெல்லாவும் மெஹ்லிஸும் 1919-இல்தான் ஒன்றாயின. 'ஸெல்லா-மெஹ்லிஸ்' என்று சேர்த்து எழுதியிருந்தால் அதற்குப் பின். 'ஸெல்லா சங்க்ட் பிளாசி' என்று தனித்திருந்தால் அதற்கு முன், அல்லது பழைய பட்டறை தன் பழைய அச்சை விடாமல் வைத்திருந்தது.

அந்தக் 'க்ரூப்' பற்றி ஒரு வார்த்தை. தங்கள் துப்பாக்கியை க்ரூப் செய்தது என்று பெருமையாகச் சொல்பவர்கள் எண்ணற்றவர்கள். க்ரூப் எஃகு கொடுத்தது, குழல் வேறொருவர் செய்தார். போலர், போல்டி, விட்டன் எல்லாமே எஃகாலையின் பெயர்கள். 'ஆன்டினிட்', 'எக்செல்சியர்' என்பவை எஃகின் ரகப் பெயர்கள். குழல் செய்தவரைத் தேட வேண்டும் என்றால் அடியில், பூட்டில் மாட்டும் உலோகக் கட்டிகளுக்கு நடுவில் இருக்கும் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கத்தைப் பாருங்கள். அதுதான் ஸூல் குழல்காரரின் கையெழுத்து.

மற்ற நாடுகள்

ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் நகரத் துப்பாக்கிகள் வாசிப்பதற்கு இனிமையானவை. சோதனைப் பதிவு எண்ணையும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தையும் புள்ளி வைத்துக் குத்துவார்கள். 412.29 என்றால் 1929-இல் 412-ஆவது. நைட்ரோ சோதனை முத்திரை 'என்.பி.எஃப்.' என்றால் ஃபெர்லாக், 'என்.பி.வி.' என்றால் வியன்னா. ஒரே ஒரு கவனம்: 118.35 போன்ற கேஜ் எண்ணும் புள்ளியோடு வரும் என்பதால் அதை 1935 என்று படித்துவிடக்கூடாது. ப்ராக், வெய்பெர்ட் ஊர்களில் சோதித்தவை 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரி முறை. பிறகு செக் சிங்கம் வந்துவிடும்.

பெல்ஜியத்தில் லியேஜின் முட்டை வடிவ 'இ.எல்.ஜி.' முத்திரையைத் தவறவிடவே முடியாது. அந்த முட்டையின் தலையில் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பின், இல்லையென்றால் முன். நட்சத்திரத்துக்குக் கீழே தனி எழுத்து இருந்தால் அது சோதனை அதிகாரியின் குறி; செய்தவரின் முதலெழுத்து என்று ஏமாற வேண்டாம். 1922 முதல் ஆண்டுக்கு ஓர் எழுத்து சேர்ந்தது.

பிரிட்டனில் இரண்டு சோதனைச் சாலைகள். லண்டன் துப்பாக்கிக்காரர் சங்கத்தின் பட்டயம் 1637-ஆம் ஆண்டினது. பர்மிங்ஹாம் சாலை 1813-இல் பிறந்தது. பர்மிங்ஹாமின் குறுக்கிட்ட செங்கோல்கள் 1904 வரை. அதற்குப் பின் கிரீடத்தின் கீழ் 'பி.பி.', 'பி.வி.', 'என்.பி.'. மேலே லண்டன் பெயர், அடியில் பர்மிங்ஹாம் முத்திரை என்றால் போலி என்று குதிக்க வேண்டாம். பர்மிங்ஹாமில் செய்து லண்டனில் விற்றவை ஏராளம். 'நாட் இங்கிலிஷ் மேக்' என்று குத்தியிருந்தால் வெளிநாட்டில் செய்து அங்கே சோதித்தது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. கனரக ரைஃபிள்களில் 'கார்டைட் 70-480' போன்ற வரி இருக்கும். 70 கிரெய்ன் கார்டைட் மருந்து, 480 கிரெய்ன் குண்டு. இது .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவின் அளவு. 1907-இல் இந்தியாவுக்குள் .450 துளை ரைஃபிள்களைக் கொண்டுவரத் தடை வந்ததால்தான் .470, .465 எல்லாம் முளைத்தன. ஆகவே .470 இரட்டைக்குழல் என்றால் கீழ்வேலி அந்த ஆண்டு.

பிரிட்டிஷ் பெயர்கள் மற்ற நாட்டுப் பெயர்களைவிட நம்பத் தகுந்தவை, முகவரி மாற்றங்களே காலம் சொல்லும். ஹாலந்து & ஹாலந்து என்ற பெயர் 1876-இல் வந்தது. ரிக்பி 1865-இல் லண்டனில் கடை திறந்து 1897-இல் டப்ளின் கடையை விட்டது. இரண்டு ஊரும் சேர்ந்து பொறித்திருந்தால் அந்த 32 ஆண்டுகளுக்குள். பர்டி 1880-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபர்ட் தெருவிலிருந்து ஆட்லி ஹவுஸுக்குப் போனது.

போல்ட் ரைஃபிள்கள்

மௌசர் இயக்கம் (போல்ட்டும் அது ஓடும் ரிசீவர் என்ற உலோகக் கூடும்) இருக்கிறது என்பதற்காக மௌசர் ரைஃபிள் ஆகிவிடாது. மௌசர் ஆலை இருந்த ஓபர்ன்டார்ஃபிலிருந்து வெறும் இயக்கத்தை வாங்கி லண்டனிலும் ஸூலிலும் ரைஃபிள் கட்டினார்கள். போருக்குப் பின் ராணுவ ரைஃபிள்களை அறுத்தும் கட்டினார்கள். ரிசீவரின் வளையத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேடுபள்ளமாக அரம் போட்டிருந்தால் ராணுவச் சின்னத்தை யாரோ அழித்திருக்கிறார்கள். நிறுவனப் பெயரும் வேலிதான். 'கெப்ருடர் மௌசர்' 1884 வரை. 'வாஃபன்ஃபாப்ரிக் மௌசர்' 1884 முதல் 1922 வரை. 'மௌசர்-வெர்க்கே' அதற்குப் பின். உண்மையான ஓபர்ன்டார்ஃப் வேட்டை ரைஃபிளில் வரிசை எண் ரிசீவரிலும் குழலிலும் ஒன்றாக இருக்கும். போல்ட் முதலிய பாகங்களில் அதன் கடைசி இலக்கங்கள் தொடரும். ஒரு பாகம் மட்டும் பொருந்தவில்லை என்றால் மாற்றப்பட்டது.

மான்லிஹர்-ஷோனவர் என்ற ஆஸ்திரிய ரைஃபிளைக் குழப்பிக்கொள்ளவே முடியாது. போல்ட் கைப்பிடி ரிசீவரின் பின்பாலத்துக்கு முன்னால் இருக்கும், அதற்காகப் பாலம் பிளந்திருக்கும். அடியில் சுழலும் உருளை மேகசின், ஐந்து தோட்டா. மாதிரிக்கு ஒரு தோட்டா (துளை அளவு, உறை நீளம் மில்லிமீட்டரில்): 1903 மாதிரி 6.5x54, 1905 மாதிரி 9x56, 1908 மாதிரி 8x56, 1910 மாதிரி 9.5x57. ரிசீவரில் ஆஸ்திரிய ஆயுத ஆலைச் சங்கத்தின் பெயர் இருந்தால் 1926-க்கு முன்; 'ஸ்டையர்-வெர்க்கே' இருந்தால் பின்.

எந்தத் தோட்டா?

முத்திரையில் 7,8/57 என்று இருந்தாலும் வேலை முடியவில்லை. இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் 57-இல் இரண்டு வகை: பழைய 'ஐ' வகைக் குண்டின் விட்டம் சுமார் 8.08, 'எஸ்' வகையுடையது சுமார் 8.2. மேட்டு விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. மேட்டை மட்டும் அளந்த பழைய முத்திரையால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய, மெல்லிய குழலில் பெரிய குண்டை அனுப்பினால் அழுத்தம் எல்லை தாண்டும்.

ஆகவே ஈய வார்ப்பு எடுங்கள். குழலை எண்ணெய்த் துணியால் துடைத்து, துளையைவிடச் சற்றுப் பெரிய சுத்தமான மென்ஈய உருண்டையை குழலின் வாயிலிருந்து மரத்தடியாலோ பித்தளைத் தடியாலோ தட்டித் தட்டி உள்ளே தள்ளி மறுபக்கம் எடுங்கள். இரும்புத் தடி வேண்டாம். அந்த ஈயத்தில் மேடாக வந்திருப்பதுதான் குழலின் வரி. எதிரெதிர் மேடுகளுக்கு நடுவே மைக்ரோமீட்டர் வையுங்கள். வரிகள் நான்கு, ஆறு என்றால் எளிது. ஒற்றைப்படை என்றால் எதிரில் பள்ளம்தான் வரும், அளவு குறைத்துக் காட்டும். 'வி' வடிவ மைக்ரோமீட்டர் தேவைப்படும்.

அறையின் வடிவத்துக்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை. 70 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். அறையைச் சுத்தமாகத் துடைத்து லேசாக எண்ணெய் தடவி, அறை முடியும் இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னால் துணி அடைத்து, ஊற்றி, உறைந்ததும் அரை மணிக்குள் வெளியே தள்ளுங்கள். அது முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரியும். ஊற்றியதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் உண்மை அளவு. மறுநாள் அளந்தால் பெரிதாகக் காட்டும். அதில் ஈயமும் காட்மியமும் உண்டு. காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

வார்ப்பு சில நேரம் முத்திரையோடு சண்டை போடும். முத்திரை 57 என்கிறது, வார்ப்பில் உறையின் நீளம் 60 வருகிறது. தவறு இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவத் தோட்டாவுக்கு வந்த கட்டுப்பாட்டால் 8x57 ரைஃபிள்களின் அறையை மூன்று மில்லிமீட்டர் நீட்டி 8x60 ஆக்கினார்கள். துப்பாக்கி போருக்கு முன்னால் பிறந்து, போருக்குப் பின் ஜெர்மனியிலேயே வேட்டையில் இருந்தது என்பதற்கு அந்த மூன்று மில்லிமீட்டரே சாட்சி. எந்த விடை வந்தாலும், அனுபவமுள்ள துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் பூட்டின் இறுக்கத்தையும் குழலின் உள்ளையும் பார்க்காமல் சுட வேண்டாம்.

கை மாறிய வழி

வைத்திருந்தவரின் தடயம் மரத்தில்தான் அதிகம். கட்டையின் அடியில் சிறு வெள்ளி முட்டை பதித்து முதலெழுத்தோ குலச்சின்னமோ இருக்கும். அடிப்பூணின் இரண்டு திருகையும் கழற்றி உள்ளே பாருங்கள். கட்டைக்காரர் பென்சிலில் எழுதிய எண்ணும் பெயரும் அங்கே வெளிச்சம் படாமல் அப்படியே நிற்பதுண்டு. பார்வைத் தகட்டில் 100, 200 என்று இருந்தால் அது மீட்டரா கெஜமா என்பதுகூட யாருக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லும். மேலே கொக்கி மவுண்டில் ட்சைஸ், கோர்ட்ஸ், கால்ஸ் தொலைநோக்கி இருந்தால் அதன் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது துப்பாக்கியைவிட இருபது வருடம் இளையதாக இருக்கலாம். மவுண்டின் அடிப்பகுதி பொறிப்பு வேலையை வெட்டிக்கொண்டு போயிருந்தால் பின்னால் சேர்த்தது. பொறிப்பு அதைச் சுற்றி வளைந்து போயிருந்தால் பிறக்கும்போதே இருந்தது. பெயருக்கும் இதே சோதனைதான். சுற்றியுள்ள பொறிப்பு தேய்ந்திருக்க, பெரிய நிறுவனத்தின் பெயர் மட்டும் கூராக நின்றால் அந்தப் பெயர் நேற்று வந்தது.

கடைசியாகப் பதிவேடுகள். ஸூலின் சிறு பட்டறைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைத்திருக்கிறது. பிரிட்டிஷ் நிறுவனங்களில் அதிர்ஷ்டம் உண்டு; பர்டி, ஹாலந்து & ஹாலந்து, ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பழைய பேரேடுகளை வைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால் எந்த நாளில், எந்தத் துளையில், யாருக்கு முடித்துக் கொடுத்தது என்ற வரி கிடைக்கக்கூடும். கேட்டு எழுதும்போது "என்ன விலை போகும்" என்று தொடங்காதீர்கள். வரிசை எண் இருக்கும் இடங்கள் எல்லாம், குழலின் நீளம் மில்லிமீட்டரில், ஈய வார்ப்பின் அளவு, அறை வார்ப்பின் அளவு, அடித்தட்டின் நான்கு படங்கள், ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஓர் அளவுகோல். படத்தில் எழுத்து தெளிவில்லை என்றால் நீங்கள் ஊகித்ததை எழுதாமல், தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். 'ஜி'யா 'சி'யா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.